பத்து நாற்பதுக்கு வந்த திருடன்

இனிமேல் என் பெட்டிக்குள் ஈ, எறும்புகூட நுழையக் கூடாது என்று போன மாதம் சபதம் எடுத்தேன்.

பெட்டி என்றால் நகைப்பெட்டி இல்லை. மோடத்துக்குப் பக்கத்தில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டி. கல்யாண வீடியோ முதல் நான் பிடித்த மீன்கள் வரை இருபது வருஷப் படங்கள் அதில்தான். எங்கே இருந்தாலும் ஹேண்ட்போனில் திறந்து பார்க்கலாம். வில்லங்கமும் அதில்தான். பக்கத்து வீட்டு சில்வெஸ்டர் இதே மாதிரி ஒன்று வைத்திருந்தார். பாஸ்வேர்ட், அவர் கார் நம்பர். எவனோ உள்ளே புகுந்து அத்தனை படத்தையும் பூட்டிவிட்டான். மனுஷன் அழுதே விட்டார்.

நான் விடுவேனா? இரண்டு நாள் யூடியூப் பார்த்தேன். வெளியே திறந்து கிடந்த வழிகளை அடைத்தேன். பாஸ்வேர்டை இருபத்து மூன்று எழுத்தாக்கினேன். கடைசியாக, வெளியிலிருந்து யார் திறந்தாலும் என் மனைவி உமாராணியின் ஹேண்ட்போனில் 'விடலாமா, தடுக்கலாமா?' என்று கேள்வி வரும்படி வைத்தேன். தடுத்ததைத் திரும்ப விடுவதற்கும் அதே ஹேண்ட்போன்தான்.

"எனக்கு எதுக்குங்க இந்த வேலையெல்லாம்?"

"ஃபேக்டரி கிளீன் ரூம்ல ஹேண்ட்போன் கொண்டுபோக முடியாது, லாக்கர்ல கிடக்கும். காவலுக்கு வீட்ல ஒரு ஆள் வேணும்லா."

"உங்க பேர்லயே வந்தா?"

"என் பேர்லதான் வருவான், அவன் என்ன முட்டாளா? சந்தேகம்னா தடுத்துடு. நானே வந்து கெஞ்சினாலும் விடாதே!"

"சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை பாடாங் மேஹாவில் அவள் அக்கா வீடு மாறினார்கள். அலமாரி தூக்க ஆள் வேண்டுமாம். என் இடுப்புக்கும் அலமாரிக்கும் ஜென்மப் பகை. கூலிம் ஃபேக்டரியில் ஓவர்டைம் என்று சொல்லி, யூனிஃபார்மோடு கிளம்பி, நேராகச் செர்டாங் பக்கம் மீன் குளத்துக்குப் போய்விட்டேன். கூட்டாளி பிரெடி அங்கே கை நீளத்துக்கு ஒரு திலாப்பியாவைப் பிடித்துவிட்டு அலட்டிக்கொண்டிருந்தான்.

"என்னமோ எட்டுக் கிலோ பிடிச்சேன்னியே குணாளா? புருடா லா அது!"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "படமே இருக்குடா, பாரு!"

ஹேண்ட்போனிலேயே பெட்டியைத் திறந்தேன். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு 'அனுமதி இல்லை' என்று வந்தது. பிரெடி சிரித்த சிரிப்பில் குளத்து மீனெல்லாம் ஓடிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன்.

"ஓவர்டைம் எப்படிங்க?"

"மூச்சுவிட நேரமில்லே."

"பாவம். இங்கயும் ஒரே கூத்து. பத்து நாப்பதுக்குத் திருடன் வந்தான். உங்க பேரு, உங்க ஹேண்ட்போன், எல்லாம் அச்சு அசல். ஒரேடியா தடுத்துட்டேன்."

"அதை எடுத்து விட்டுடேம்மா."

"ஏங்க? உங்க ஹேண்ட்போன்தான் லாக்கர்ல கிடந்துச்சே. நீங்கதான் அதுன்னா சொல்லுங்க, இப்பவே விட்டுடறேன்."

இருபது வருஷப் படம் ஒரு பக்கம். ஓவர்டைம் பொய் ஒரு பக்கம். தொண்டையைச் செருமினேன்.

"திருடனாத்தான் இருக்கும்."

"அப்ப ரிப்போர்ட் போட்டுடலாம். போலீஸ்ல அடையாளம் கேப்பாங்க." என் தோளிலிருந்து எதையோ நகத்தால் சுரண்டி எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். "சட்டையில மீன் செதில் ஒட்டியிருந்துச்சுன்னு சொல்லட்டுமா?"

நான் அவசரமாக மறு தோளையும் தட்டிவிட்டேன்.

"அக்கா வீட்டு அலமாரி இன்னும் கீழேதான் கிடக்காம். நாளைக்குத் திருடனை அனுப்பி வைக்கிறேன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் பாடாங் மேஹாவில் அலமாரியை மாடி ஏற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளிடம் கெஞ்சினேன். "இப்பவாவது விட்டுடேன், உமா."

"நீங்களே வந்து கெஞ்சினாலும் விடக்கூடாதுன்னு சொன்னீங்களேங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது அலமாரியைக் காட்டினாள்.