பெட்டி எதுக்குங்க, நானிருக்கேன்

எனக்குச் சங்கீத ஞானம் உண்டு. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஞானம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நாலு வருடத்துக்கு முன்னால் கொடுமுடியில், ஒரு மண்டபம் நிறைந்த ஜனத்துக்கு முன்னால் தெரியவந்தது.

கோவையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே ஒரு ஹால் சும்மா கிடந்தது. என் மனைவி கோமதி பாடும் சேர்ந்திசைக் குழுவுக்குப் பயிற்சி செய்ய இடமில்லை என்றாள். ஹாலைக் கொடுத்தேன், நானும் சேர்ந்துகொண்டேன். (ஹால் வேண்டுமென்றால் என்னையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்களுக்கே புரிந்தது.)

குழுவை நடத்துபவர் ரமா டீச்சர். பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காவிரியைப் பற்றி அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று பதினொரு வருடமாக நோட்டிலேயே இருந்தது. அதை மேடையில் பாடச் சொல்லி கொடுமுடியிலிருந்து ஒரு சங்கம் கூப்பிட்டிருந்தது. நன்றாக அமைந்தால் மார்கழியில் ஒரு மணி நேரம் முழுக்க எங்களுக்கே என்றும் சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம். சுருதிப் பெட்டியைப் போடுவதற்கு முன்னாலேயே டீச்சர் விளையாட்டாக, "எங்க, யாராச்சும் ‘ச’ புடிங்க பாக்கலாம்" என்றார். நான் பிடித்தேன். பெட்டியைப் போட்டுப் பார்த்தால் அதே இடம். நூலளவு மேலே இருந்திருக்கலாம், அவ்வளவுதான். செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. டீச்சர் அசந்துபோனார். நான் அசரவில்லை. இதெல்லாம் பிறவியிலேயே வருவது என்று அடக்கமாகச் சொன்னேன்.

கீழே பட்டறையில் அந்த வாரம் முழுக்கக் கருமத்தம்பட்டித் தறிக்காரர் ஒருவரின் மோட்டார்கள் ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டிருந்தன. காயில் கட்டி முடித்தால் சூடேறுகிறதா என்று சில மணி நேரம் வெறுமனே ஓடவிடுவது வழக்கம். இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய என் காதுக்கு அந்த உறுமல் ஒரு சத்தமே இல்லை.

டீச்சர் அசந்துபோனதோடு விட்டிருக்கலாம். நான் சங்கீதச் செய்திகள் படிக்க ஆரம்பித்தேன். காலையில் பேப்பரில் கச்சேரி விமர்சனம், மத்தியானம் போனில் வெளிநாட்டுச் செய்தி. மாலையில் அதையெல்லாம் குழுவுக்கு வாசித்துக் காட்டுவேன். (யாரும் கேட்கவில்லை. ஹால் என்னுடையது.) எங்கோ குளிர் நாட்டில் ஒரு குழு எந்த வாத்தியமும் இல்லாமல் பாடிக் கைதட்டல் வாங்கியதாகச் சனிக்கிழமை படித்தேன். விடுவேனா?

"ஏனுங்க டீச்சர், நமக்கு மட்டும் பெட்டி எதுக்குங்க? நானிருக்கேன்!"

"பெட்டி இருந்தா ஒரு தைரியமுங்க, தங்கராசு."

"அஞ்சு தடவ வெச்சுப் பாருங்க. ஒரு தடவ தப்புனாலும் பெட்டிய எடுத்துக்கலாமுங்க."

ஐந்து தடவையும் தப்பவில்லை. பெட்டி என் பட்டறை மேசையிலேயே தங்கிவிட்டது.

ஞாயிறு காலை கொடுமுடியில் நாங்கள் மேடை ஏறவும் கரண்ட் போனது. மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டரைப் போட்டார்கள். நான் கண்ணை மூடி, கம்பீரமாக ‘ச’ கொடுத்தேன். டீச்சரின் புருவம் லேசாக ஏறியது. ஆனால் பதினாலு பேரும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டதால் பாட்டு ஜோராகக் கிளம்பியது.

அந்த நேரம் பார்த்துச் சமையற்கட்டில் யாரோ கிரைண்டரைப் போட்டார்கள். பாரம் ஏறியதும் ஜெனரேட்டரின் சத்தம் முக்கிக்கொண்டு இறங்கியது. நானும் இறங்கினேன். வாரம் முழுக்க "தங்கராசுவப் புடிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொடுத்திருந்தபடியால் மற்றவர்களும் விசுவாசமாக இறங்கினார்கள். சட்னி அரைத்து முடிந்தது. எல்லோரும் ஏறினோம். அடுத்து மாவு போலிருக்கிறது. மறுபடி இறங்கினோம். டீச்சர் தாளம் போடுவதை விட்டுவிட்டு, கையெடுத்துக் கும்பிடாத குறையாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பாராட்டு என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பாடினேன்.

இரண்டாவது சரணத்தில் கரண்ட் வந்தது. ஜெனரேட்டர் நின்றது. நான் வாயைத் திறந்தபடியே நின்றேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. குழுவும் நின்றது. பாட்டு முடிந்துவிட்டதாக நினைத்து ஜனம் கை தட்டியது.

சங்கத்துச் செயலாளர் ஓடி வந்தார். "நல்லாருந்துச்சுங்க. மேலயும் கீழயும் போயி, ரொம்ப செரமமான பாட்டாட்ட இருக்குதுங்க. எல்லாரும் சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்." மார்கழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திரும்பும் வழியில் வேன் சென்னிமலை தாண்டியது. பிறகு கோமதிதான் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், ஊட்டுல தண்ணி மோட்டர் ஓடறப்பத்தான் இவுரு குளிக்கையில பாடுவாருங்க. மோட்டர் நின்னா பாட்டும் நின்னுரும். தொட்டி ரொம்பிருச்சுன்னு நான் அத வெச்சுத்தான் தெரிஞ்சுக்குவேன். இன்னைக்கு ஜெனரேட்டர் நின்னப்பத்தான் எனக்கே வெளங்குச்சு."

மறுநாள் டீச்சர் பட்டறைக்கு வந்து எல்லா மோட்டாரையும் நிறுத்தச் சொல்லி, "இப்ப ‘ச’ புடிங்க" என்றார். பிடித்தேன். ஐந்து தடவைக்கு ஐந்து வெவ்வேறு ‘ச’. முதலில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எம் பாட்டுங்க தங்கராசு. இத்தன வருசம் வெச்சிருந்தேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மனசு நொந்துபோனேன். அன்றைக்கே கொடுமுடிக்குப் போன் போட்டு, தப்பு முழுக்க என்னுடையது என்று செயலாளரிடம் சொன்னேன். "அப்படீங்களா, நாங்க பாட்டே அப்படீன்னு நெனச்சோமுங்க" என்றார் அந்த நல்ல மனிதர். அடுத்த வருடம் மறுபடி கூப்பிட்டார்கள். அந்தப் பாட்டு முழுசாக, நேராக, மேடையேறியது.

இன்றைக்கும் நான் குழுவில் இருக்கிறேன், பெட்டி தூக்குபவனாக. ஒன்றல்ல, இரண்டு பெட்டி. எந்த ஊருக்குப் போனாலும் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று டீச்சர் முதலில் விசாரித்து, அதற்கு எதிர் மூலையில் என்னை நிறுத்துவார்.

வீட்டில்தான் நிலைமை மோசம். விருந்தாளிகள் வந்தால் போதும், கோமதி மிக்ஸியைப் போட்டுவிட்டு அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். "ஏனுங்க, ‘ச’ குடுத்தாச்சு. ஆரம்பிங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் ஆரம்பித்துவிடுவேன். சுருதி அப்படிச் சேரும்போது யாரால் சும்மா இருக்க முடியும்?