என் பருப்பு, அவர் கத்தரிக்காய்

அன்புள்ள மச்சான் மோகனுக்கு,

சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருவேங்கடம் எழுதுவது. உன் அக்கா லோகநாயகியின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். படாளத்தில் நீயும் சங்கரியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். மரியாதை இத்தோடு முடிந்தது, இனி வயிற்றெரிச்சல். போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

பக்கத்து வீட்டுத் தேவசகாயம் மொட்டைமாடியில் தோட்டம் போட்டிருக்கிறார். நானோ, புயல் வந்தால் கடை மூடிவிடுமே என்று ரிடையரானதிலிருந்து பின்னறையில் அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் என்று சேர்த்து வைக்கிறேன். பாராட்டத்தான் ஆளில்லை. உன் அக்கா தினமும் ஜன்னலைத் திறந்து, "இன்னாமா காய்ச்சிக் கீது பாருங்க அவரு வூட்டுக் கத்திரி! நம்ம வூட்ல இன்னா கீது? வண்டுதான் கீது" என்பாள். வண்டு ஒரே ஒரு மூட்டையில்தான் மோகன்!

போன மாசப் புயலில் அவர் பந்தல் பிய்ந்து, புடலங்கொடி எங்கள் டிவி டிஷ்ஷுக்கு மாலையாக விழுந்தது. சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கூடாது. ஆனால் அன்றைக்குக் காபி ருசியாக இருந்தது. கரண்ட் இல்லை, கடை இல்லை, ரோடெல்லாம் மரம். தெருவே என் வாசலில் நின்றது. நம்ம காலம் வந்துவிட்டது என்று பின்னறையைத் திறந்து, அண்டாவில் சாம்பார் வைக்கச் சொன்னேன். என் அரிசி, என் பருப்பு, என் புளி, என் சிலிண்டர். கொதிக்கிற நேரம் பார்த்து தேவசகாயம் நனைந்த லுங்கியோடு வந்து, "காத்துக்கு முன்னாடியே பறிச்சி வெச்சேன் அண்ணாத்த" என்று ஒரு கூடைக் கத்தரிக்காயைக் கொட்டினார். வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா நறுக்க ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீட்டுச் செங்கம்மாள் விரலை நக்கிக்கொண்டே, "கத்திரிக்கா இன்னா ருசிப்பா! வெண்ண மாதிரி கரையுது" என்றாள். வெட்கத்தை விட்டு நானே கேட்டேன்: "பருப்பு எப்டி கீது?" "பருப்பு இல்லாம சாம்பாரா?" என்று சொல்லிவிட்டு தேவசகாயத்திடம் விதை கேட்கப் போய்விட்டாள்.

ஆகவே, தோட்டம் வெறும் பகட்டு, ஆபத்துக்கு உதவுவது மூட்டைதான் என்று உன் அக்காவுக்குப் போன் போட்டு, நீயே யோசித்துச் சொல்வது போலச் சொல். விவசாயி சொன்னால் கேட்பாள்.

பிள்ளைகளுக்கு ஆசி, சங்கரிக்கு அன்பு. உன் வயலில் நெல் பொங்கட்டும். அந்த மாடியில் மட்டும் புல்லும் முளைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
திருவேங்கடம்

பி.கு.: உறை ஒட்டும்போது தேவசகாயம் வந்தார். மகள் பிரசவத்துக்குக் கோவளம் போகிறாராம். மாடிச் சாவியை என் கையில் வைத்து, "உன்ன மாதிரி எவன் பொருள கட்டிக் காப்பான் அண்ணாத்த?" என்றார். போய்ப் பார்த்தேன். ஒடிந்த கத்தரித் தண்டில் துளிர் விட்டிருக்கிறது மோகன்! பின்னாலேயே வந்த உன் அக்கா என்னைக் கேட்காமல் ரெண்டு பச்சைமிளகாய் பறித்துவிட்டாள். இப்போது பேச்சுவார்த்தை இல்லை. அவளுக்குப் போன் போடாதே. நல்ல மாட்டு எரு ஒரு மூட்டை சீக்கிரம் கொண்டு வா. செங்கம்மாள் கண்ணில் படாமல் கொண்டு வா.