ஆறு மீனும் ஒரு கட்டைவிரலும்

தூண்டிலில் பிடித்துத் திரும்ப ஏரியிலேயே விட்ட மீனுக்கு ஒன்றும் ஆகாது என்று உலகத்துக்கு நிரூபித்துவிடுவதாக ஒரு செவ்வாய்க்கிழமை காலை சபதம் செய்தேன். அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. அதனால் சபதம் என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

உலகம் என்று நான் சொல்வது என் மனைவியைத்தான்.

எனக்குப் பூட்டுக் கடை. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் தொலைத்த சாவிக்காக நான் குனிந்து கிடப்பேன். ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு ஏரிக்கரை. அங்கே யாரும் என்னை "என்னங்க" என்று கூப்பிட மாட்டார்கள். தூண்டிலைப் போட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். மீன் வந்தால் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பேன், பிறகு விட்டுவிடுவேன். மதியம் வரை இதே வேலை. ஒரு மீனைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அந்த வகையில் என்னை ஒரு புண்ணியவான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்ப்பவள். திங்கள்கிழமை சாயங்காலம் சட்டைக்குச் சோப்பு போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"விட்ட மீனு நல்லா இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான்தான் பாத்தேனே. வால ஆட்டிக்கிட்டு ஜோரா நீந்திப் போச்சு."

"பல்லு பிடுங்கினவங்களும் எங்க ஆஸ்பத்திரிலேர்ந்து நடந்துதான் போறாங்க. போனவாரம் ஒருத்தர் சிரிச்சிக்கிட்டே கும்பிட்டுட்டுப் போனாரு. படி இறங்குறதுக்குள்ள மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. மீனுக்கு அந்தப் பக்கம் படி இருக்கான்னு நீங்க போய்ப் பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. இருபது வருடமாக மீன் பிடிக்கிறேன், விட்ட மீன் பிறகு என்ன ஆகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை வந்தது. அதற்குள் அவள் பந்தயத்தைச் சொல்லிவிட்டாள். தூண்டில் முள் மீனைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் தூண்டில் பரண்மேல் ஏறும், ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீட்டுக்கே சொந்தம். கெடுக்கவில்லை என்றால் அவள் அதன்பிறகு வாயே திறக்க மாட்டாள். இரண்டாவது பாதியைக் கேட்டதும் நான் யோசிக்காமல் சரி என்றேன்.

நடுவராக எதிர் வீட்டு நிரூபி சாரைப் போட்டோம். ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால்கூட "நிரூபி" என்பார். அவர் பெயர் என்ன என்பது தெருவில் யாருக்கும் நினைவில்லை.

நிரூபி சார் விஷயத்தைக் கேட்டதும் பத்து வயது குறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். மூன்று மீன் தூண்டிலில் பிடிக்க வேண்டும், மூன்று மீன் மெல்லிய துணிவலையில் அள்ள வேண்டும் என்றார். எல்லாம் ஒரே அளவுக் கெண்டை. மூன்று மூன்றாக இரண்டு தொட்டி, ஒரே ஏரித் தண்ணீர், ஒரே தீனி, எட்டு நாள். எந்தத் தொட்டியில் எந்த மீன் என்பது எனக்கு மட்டும் தெரியக்கூடாது; அதை அவர் எழுதி உறையில் ஒட்டி வைத்துக்கொள்வார்.

"எனக்கு ஏன் சார் தெரியக்கூடாது?"

"ஏன்னா ஜெயிக்கணும்னு ஆசைப்படுறது நீ. ஆசைப்படுறவன் கண்ணு பொய் சொல்லும்."

நானே பிடித்த மூன்று மீன், ஏரிக்கரை வலைக்காரர் அள்ளித் தந்த மூன்று மீன். வீட்டு வாசல்வரை வாளிகளைச் சுமந்து வந்தது நான். அதற்குமேல் என்னைக் கடைக்கு விரட்டிவிட்டார்கள். திரும்பி வந்தபோது குளியலறையில் ஒரு நீலத் தொட்டியும் ஒரு சிவப்புத் தொட்டியும் காற்றுக் குழாயுடன் கொப்பளித்துக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த ஓர் அடி அகலத்தில் நாங்கள் குளித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் மாற்றுவதும் தீனி போடுவதும் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு. கடையைப் பத்து மணிக்குப் பதில் பதினொன்றுக்குத் திறந்தேன். பொய் சொல்வானேன், அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஏரியில் ஒரு மீனை அரை நிமிடத்துக்குமேல் நான் பார்த்ததே கிடையாது. இப்போது மணிக்கணக்கில் பார்த்தேன். மீன் தூங்கும்போதுகூடக் கண் திறந்திருக்கிறது. நான் விரலால் தொட்டி விளிம்பைத் தட்டினால் செவுள் வேகமாக அடிக்கிறது, என் மனைவி வந்தால் நிதானமாகிறது. இதை மட்டும் குறிப்பில் எழுதவில்லை.

மூன்றாம் நாள் சிக்கல் வந்தது. நீலத் தொட்டி மீன்கள் போட்டதையெல்லாம் தின்றன. சிவப்புத் தொட்டியில் ஒன்று மூலையில் போய் நின்றுகொண்டது. தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்புதான் தூண்டில் தொட்டியோ? அப்படியானால் என் ஏரிக்கரை போயிற்று.

பூட்டுக்காரன் வீட்டிலேயே ஒரு விஷயம் பூட்டிக் கிடந்தால் அவன் என்னதான் செய்வான்? எங்கள் வீட்டில் நான் திறந்து பார்க்காத பொருள் கிடையாது. சுவர்க் கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின் எல்லாம் என் கையால் ஒருமுறையாவது திறந்து மூடப்பட்டவை. அவற்றில் சில பிறகும் ஓடின.

நான்காம் நாள் என் மனைவி காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். குளியலறைப் பலகையில் பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்று இருந்தது. மறந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். தூண்டில் முள் குத்தியிருந்தால் வாயில் ஓட்டை இருக்க வேண்டும். ஒரே ஒரு மீன், ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான்.

துண்டால் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டேன். வழுக்கக்கூடாது அல்லவா? மூலையில் நின்றதைத் தூக்கினேன். கட்டைவிரலால் முதுகை அழுத்திப் பிடித்து, வாயைத் திறந்து, கண்ணாடியை விட்டேன். கண்ணாடியில் என் கண்தான் தெரிந்தது. திருப்பிப் பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் கொண்டுபோனேன். ஓட்டை எதுவும் இல்லை. சரி, ஒப்பிட்டுப் பார்க்க நீலத்தில் ஒன்று. அதிலும் ஓட்டை இல்லை. பிறகு ஒன்று. கடைசியில் ஆறையும் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிய வந்தது ஒன்றே ஒன்று, கெண்டை மீனுக்கு வாயின் முன்பக்கத்தில் பல் கிடையாது. அதை என் மனைவியிடம் சொல்ல முடியாமல் தவித்தேன்.

மறுநாள் சிவப்புத் தொட்டி மீன் தானாகத் தீனி எடுத்தது. அப்பாடா என்றிருந்தேன்.

எட்டாம் நாள் நிரூபி சார் பூதக்கண்ணாடியோடு வந்தார். தொட்டிகளுக்குமேல் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"ஆறு மீனு முதுகுலயும் வெள்ளையா ஒரு திட்டு இருக்கே. முள்ளு குத்துனது வாய்ல. முதுகுல எப்படி வரும்? வலையில அள்ளின மீனுக்கும் வந்திருக்கே?"

அது என்ன சார் என்று நானும் வியந்தேன். கொஞ்சம் அதிகமாகவே வியந்துவிட்டேன் போலிருக்கிறது. என் மனைவி என் வலது கையைப் பிடித்தாள். கட்டைவிரலை மட்டும் பிரித்து, தண்ணீருக்குமேல் ஒரு மீனின் முதுகுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினாள். விரலும் திட்டும் அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தின.

"கண்ணாடிய நான்தான் வச்சிட்டுப் போனேன்," என்றாள். "உங்க கை சும்மா இருக்காதுன்னு தெரியும். ஆனா தண்ணிக்குள்ளயே விட்டுப் பாப்பீங்கன்னு நெனச்சேன். இப்படி வெளிய தூக்குவீங்கன்னு நெனைக்கல."

நிரூபி சார் விளக்கினார். மீனின் உடம்பின் மேலே இருக்கும் வழுவழுப்புதான் அதற்குக் கவசம். காய்ந்த கையால் அழுத்திப் பிடித்தால் அது உரிந்துவிடும், அந்த இடத்தில் நோய் பிடிக்கும். தண்ணீருக்கு வெளியே வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அதற்கு மூச்சடைப்பு. இருபது வருடமாக ஏரிக்கரையில் நான் எத்தனை மீனைத் துடைத்த கையால் பிடித்துத் திருப்பித் திருப்பி அழகு பார்த்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. என் மனைவி அதற்குள் தண்ணீரில் உப்பை அளந்து கரைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வாரம் குளியலறை அவற்றுக்கே என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வாரத்தில் திட்டெல்லாம் மறைந்து, ஆறும் உயிரோடு ஏரிக்குத் திரும்பின. நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

தீர்ப்பு நாள் வந்தது. நீலம்தான் தூண்டில் தொட்டி, சிவப்பு வலைத் தொட்டி என்று நிரூபி சார் உறையைப் பிரித்துக் காட்டினார். முள் குத்திய இடம் தடம் தெரியாமல் ஆறியிருந்தது; வலையில் வந்த அந்த மூலை மீனின் இரண்டு நாள் பட்டினி தவிர சாப்பாட்டுக் கணக்கிலும் வித்தியாசமே இல்லை. அதாவது தூண்டில் முள் எதையும் கெடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றேன்.

"உக்காரு," என்றார் நிரூபி சார். "ஆறு மீன வச்சு உலகத்துல உள்ள எல்லாத் தூண்டிலுக்கும் தீர்ப்பு சொல்ல முடியாது. முழுங்கிட்ட முள்ளு வேற கதை, வெயில் காலம் வேற கதை. உன் கட்டைவிரலுக்கு மட்டும் வேணா இப்பவே தீர்ப்பு சொல்லலாம்."

"பந்தயம் பந்தயம்தான சார்? தூண்டில் பரண்ல ஏறக்கூடாது."

"ஏறாதுங்க," என்றாள் என் மனைவி. "முள்ளு நல்ல முள்ளு. கைதான் சரியில்ல. எங்கிட்ட இடுக்கி இருக்கு. மீன தண்ணிய விட்டு எடுக்காமலே முள்ள கழட்டிடுவேன். நான் வரேன்."

நிரூபி சாரும் வருவதாகச் சொன்னார். ஆறு போதாது, அறுநூறு மீனாவது வேண்டும், அதற்குப் புது நோட்டு வாங்கிவிட்டேன் என்றார். முதல் வாரம் அவள் முள் மட்டும் கழற்றினாள். இரண்டாம் வாரம், தூண்டிலைச் சும்மா பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். மூன்றாம் வாரம் கேட்கவில்லை. முள் நுனியில் மீன் நழுவாமல் இருக்கப் பின்பக்கமாக இருக்கும் குட்டி எதிர்முள்ளை, சுலபமாகக் கழலட்டும் என்று, அவளே நசுக்கிவிட்டாள். இரண்டு மணி நேரத்தில் பதினோரு மீன் பிடித்து, கையே படாமல் பதினொன்றையும் விட்டாள். சொன்னபடி மீன் பிடிப்பதற்கு எதிராக ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. நிரூபி சார் மும்முரமாகக் குறித்துக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது, தக்கை அமுங்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்கு அதே ஏரிக்கரைக்கு நான் தவறாமல் போகிறேன்: அவளுக்குக் குடை பிடிக்க.