அளந்து வடித்த சோறு

தேர்வாய் கண்டிகை பிஸ்கட் ஃபேக்டரியில் நான் வேஸ்டேஜ் இன்சார்ஜ். அங்கே ஒரு பிஸ்கட் கீழே விழுந்தால் என் நெஞ்சில் விழுந்த மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் தினமும் சோறு மிஞ்சுகிறது! வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். மனைவி ஏஞ்சலினிடம் ஒரு டம்ளரை நீட்டி உத்தரவு போட்டேன்.

“இனிமே அரிசி ஆளுக்கு இவ்ளோதான். ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது.”

“பத்தலன்னா?”

“பத்தும். கணக்கு போட்டுட்டேன்.”

“சரிங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அன்று ஓவர்டைம். அகோரப் பசி. ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டேன், போட்டாள். மறுநாளும் கேட்டேன், போட்டாள். பார்த்தீர்களா, அளந்து வடித்தும் மிஞ்சுகிறது! அளவை இன்னும் குறைக்கலாம் என்ற யோசனையோடு கை கழுவப் போனேன். பானை காலி. அவள் தட்டு காய்ந்து கிடந்தது.

“நீ துன்னலியா?”

“எனுக்குப் பசிக்கல.”

“நேத்து?”

“நேத்தும் பசிக்கல. சும்மா பேஜாராவாதீங்க.”

இரண்டு நாளாக நான் தின்றது அவள் பங்கு. பிஸ்கட்டுக்கு உருகுகிற பாவி, பெண்டாட்டியின் தட்டைப் பார்க்கவில்லை.

“இன்னாத்துக்கு இப்டி பண்ண?”

“பசியா வர்ற மனுசன் சோறு கேட்டா, காலிப் பானையக் காட்ட மனசு வரல. உங்க கம்பெனில எடை கொறையக் கூடாதுன்னு பாக்கெட்டுல கொஞ்சம் கூட போடுவீங்களே, அது வேஸ்டா?”

“அது... எடை கொறஞ்சா கேஸாயிடும்.”

“இங்க கேஸு போட ஆளில்ல. அவ்ளோதான். மிஞ்சுன சோத்துல மோர் ஊத்தி, ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு முன்னாடி குடிச்சிக்கினு ஓடுனது யாரு? நான்தானா?”

டம்ளரைப் பரணில் வீசினேன். மறுநாள் லீவு போட்டேன். நானே உலை வைத்து, ஒரு கை அரிசி கூடவே போட்டு வடித்தேன். அவளை உட்காரவைத்துப் பரிமாறினேன். அவள் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“துன்னு, ஏஞ்சலு. ரெண்டு நாளா பட்டினி.”

அவள் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“அழாதீங்க. ரெண்டு நாளும் பக்கத்து ஊட்டு கங்கம்மா கூட உக்காந்து கருவாட்டுக் கொழம்பு துன்னேன். உங்க கணக்கு எத்தினி நாளு தாங்கும்னு பாத்துக்கினு இருந்தேன்!”