பதினாறு எழுத்து மாப்பிள்ளை

"ஷ்ச்... ஷ்ச்செ... ஷ்ச்செப்..."

மருந்துக்கடைக்காரர் கண்களை மூடிக்கொண்டு மூன்றாம் முறையாக முயன்றபோது, எதிரே நின்றிருந்த பெண்மணி தம் கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

"என்னங்க, உங்களுக்கே சளியா?"

"இல்லீங்கம்மா. இது ஒரு பேரு."

"எந்தச் சளியோட பேரு?"

அவர் விளக்க முற்பட்டார். விளக்க வேண்டுமானால் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது; சொல்லப் போனால் மறுபடியும் தும்முவதுபோல் ஆயிற்று. பெண்மணி வாங்க வந்ததை வாங்காமலே எதிர்க்கடைக்குச் சென்றுவிட்டார். மருந்துக்கடைக்காரருக்கே மருந்து கேட்காத சளி என்ற செய்தி, நண்பகலுக்குள் தெரு முழுவதும் பரவிவிட்டது.

இருபத்தாறு ஆண்டுகளாக மருத்துவர்களின் கோழிக்கிறுக்கலைக் கண்ணாடி போடாமலே படித்தவர் அவர். எவ்வளவு நீளமான மருந்துப் பெயரும் அவர் நாவில் தடுக்கியதில்லை. அத்தகையவரை அவருடைய மகள் மணக்கவிருந்த போலந்துப் பிள்ளையின் குடும்பப்பெயர் மண்ணைக் கவ்வ வைத்துவிட்டது. ரோமன் எழுத்தில் பதினாறு எழுத்துகள்; அவற்றுள் இசட் மட்டும் நான்கு. ஷ்ச்செப்ஜெஷின்ஸ்கி என்று சொல்ல வேண்டுமாம்.

சொல்ல வராத கூச்சத்தில், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த உறவினர்களிடம், "இவருதான் நம்ம தும்மல் மாப்பிள்ளை" என்று அறிமுகம் செய்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரிக்க முயன்றார். ஆனால் அவருடைய காதுகள் சிவந்து போயிருந்தன. அதை மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்துல சாட்சி நிக்கறவங்க அவர் முழுப் பேரையும் சத்தமாச் சொல்லணும். உங்களால முடியுமா, முடியாதா?"

"விளையாட்டுக்குச் சொன்னேம்மா..."

"நானும் விளையாட்டுக்குத்தான் சொல்றேன். முடியலன்னா சித்தப்பா நிக்கட்டும்."

சித்தப்பா என்பவர் மருந்துக்கடைக்காரரின் சகலை. தமக்குத் தெரியாதது உலகில் இல்லை என்று நம்புகிறவர். கேடு காலம், இந்த ஒரு விஷயத்தில் அவருடைய நம்பிக்கை உண்மையாகவும் இருந்து தொலைத்தது.

"ரொம்ப சுலபம் அண்ணே. நாக்கைப் பல்லுக்குப் பின்னாடி வெச்சு, காத்தை மெதுவா விடணும். ஷ்ச்செப்ஜெஷின்ஸ்கி. பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். காதால் கேட்டதாக ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

ஒரே மகளின் கையெழுத்துக்குப் பக்கத்தில் சகலையின் கையெழுத்தா? அதைவிடக் கடையை இழுத்து மூடிவிட்டுப் போகலாம். சகலையிடம் பாடம் கேட்பதும் அவருக்கு இயலாத காரியம். பெயருக்கு உரியவரின் வாயிலிருந்தே அதைக் கறந்துவிடுவது என்று முடிவு செய்தார். தம்முடைய எண் மாப்பிள்ளைக்குத் தெரியுமாதலால், செவ்வாயன்று கடைக்கு வந்த சகலையிடம், "என் போன்ல சார்ஜ் இல்ல, ஒரு ஆர்டர் சொல்லணும்" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டு, அட்டைப்பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்குள் புகுந்தார்.

"ஹலோ?" என்றார் மாப்பிள்ளை.

மருந்துக்கடைக்காரர் மூச்சுவிட்டபடி காத்திருந்தார். பெயர் வரவில்லை. வைத்துவிட்டார்.

மறுபடி அழைத்தார்.

"ஹலோ, யாரு பேசறது?" என்றார் மாப்பிள்ளை, மகளிடம் கற்ற தமிழில்.

"நீங்க யாரு?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

நியாயமான கேள்வி. மீண்டும் வைத்துவிட்டார். மூன்றாம் முறை, தொண்டையை நெரித்துக்கொண்டு கீச்சுக்குரலில் பேசினார்.

"கூரியர் சார். உங்களுக்கு ஒரு பார்சல். குடும்பப் பேரைக் கொஞ்சம் சொல்லுங்க."

"எழுதிக்கோங்க. எஸ். இசட். சி. இசட்..."

"எழுத்தெல்லாம் வேண்டாம் சார், சேர்த்துச் சொல்லுங்க."

"சேர்த்துச் சொன்னா யாருக்கும் புரியாதுங்க. பொறுமையா எழுதிக்கோங்க. இ. பி. ஆர். இசட்..."

பிறந்தது முதல் இதே வேலையாக இருந்தவரின் பொறுமை அது. பதினாறு எழுத்துகளையும் இரண்டு முறை சொல்லி, சரிபார்த்து, "பார்சல் எப்ப வரும்?" என்றும் கேட்டார்.

"நாளைக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார் மருந்துக்கடைக்காரர்.

மாப்பிள்ளை புதன்கிழமை முழுவதும் அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வாசற்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாலையில் மகள் அந்த எண்ணைப் பார்த்தாள். சித்தப்பாவின் எண்.

"மூச்சு மட்டும் விட்டுட்டு வெக்கறதாம், அப்புறம் கீச்சுக்குரல்ல பார்சல்னு பொய்யாம்! இந்த வயசுல சித்தப்பாவுக்கு எதுக்கு இந்த வேலை? அவர் சாட்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

எந்தச் செலவும் இல்லாமல் போட்டி ஒழிந்தது. மருந்துக்கடைக்காரருக்கு உள்ளூர இனித்தது. அந்த இனிப்பு ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. கணவரை நம்புவதா வேண்டாமா என்று கொழுந்தியாள் தொலைபேசியில் அழ, மருந்துக்கடைக்காரரின் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். பேசி முடித்ததும் கூடத்துக்கு வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்:

"கூரியர்காரரே, சாப்பிட வாங்க."

மருந்துக்கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா போன் பண்ணா, 'சார் வீட்ல இல்லீங்க'ன்னு கீச்சுக்குரல்ல சொல்றது யாரு? இருபத்தெட்டு வருஷமாக் கேக்கறேன். போய் உண்மையச் சொல்லுங்க. என் தங்கச்சி அங்க அழுதுட்டிருக்கா."

சொன்னார். சகலையிடம் மன்னிப்புக் கேட்டார்; சகலை பெருந்தன்மையோடு மன்னித்து, அந்தப் பெருந்தன்மையை மூன்று பேரிடம் விவரித்தார். மகள் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை.

"உங்க மாப்பிள்ளைகிட்ட நானே சொல்லிக்கறேன். உங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்ப்பா. ஒரு எழுத்து தப்பினாலும் சித்தப்பாதான்."

இனி மிஞ்சியது தமது தொழில் ஒன்றே என்று மருந்துக்கடைக்காரர் உணர்ந்தார். அந்த மாலையே கடைக்குத் திரும்பி, ஒரு மருந்துச்சீட்டை எடுத்து, பெயரை மூன்றாக உடைத்து எழுதினார்: ஷ்ச்செப், காலை ஒன்று, ஜெஷின், மதியம் ஒன்று, ஸ்கி, மாலை ஒன்று. சாப்பாட்டுக்கு முன். ஒவ்வொரு வேளையும் ஒரு துண்டைச் சொல்லிப் பழகிவிட்டால், பிறகு மூன்றையும் சேர்த்து விழுங்கிவிடலாம் என்பது கணக்கு. மறுநாள் காலை வேளைக்காகத் தேடினால், சீட்டு மேசைமேல் இல்லை. சட்டைப்பையிலும் இல்லை. முதல் நாள் கடைசியாக வந்தவர் தெருமுனைத் தையற்கடை அம்மாள். அவருடைய முட்டிவலித் தைலத்தோடு பொட்டலத்துக்குள் போயிருக்கவேண்டும்.

யூகம் சரிதான். பதினொரு மணிக்குத் தையற்கடை அம்மாள் கழுத்தில் தொங்கும் அளவுநாடாவோடு வந்து நின்றார்.

"என்னய்யா கடை நடத்தறீங்க? சீட்டை வெச்சீங்க, மருந்தை வெக்கலையே?"

"எந்த மருந்தும்மா?"

"ஷ்ச்செப்ஜெஷின்ஸ்கி."

வழவழவென்று வந்து விழுந்தது. மருந்துக்கடைக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எதிர்க்கடையில கேட்டேன். நேத்துதான் தீந்துச்சாம், நாளைக்கு வந்துடுமாம். வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் நல்லா கேக்குதுன்னு சொல்றாங்களாம். உங்ககிட்ட இருக்கா, இல்லையா?"

"அம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க."

"சளி காதுக்கும் போயிடுச்சா? ஷ்ச்செப்ஜெஷின்ஸ்கி!"

"எப்படிம்மா இவ்வளவு சுலபமாச் சொல்றீங்க?"

"இது என்ன கேள்வி? மருந்துன்னா சொல்லிக் கேட்டு வாங்கித்தானே ஆகணும்? நான் என்ன அதுகூடச் சம்பந்தமா பண்ணப் போறேன், பயந்து பயந்து சொல்றதுக்கு?"

மருந்துக்கடைக்காரர் மேசையிலிருந்து கையை எடுத்தார். பின்பு திரும்பி, இருமல் மருந்துக்கும் பேதி மாத்திரைக்கும் நடுவே வெற்றிடமாக இருந்த தட்டைப் பார்த்தார். அங்கே பழுப்பு நிறப் புட்டி ஒன்று இருப்பதாக எண்ணிக்கொண்டார். வழக்கமான கடைக்குரலில், "ஷ்ச்செப்ஜெஷின்ஸ்கி ஸ்டாக் இல்லீங்கம்மா" என்றார்.

வந்துவிட்டது! ஒரு மாத்திரை பிசகாமல் வந்துவிட்டது. தையற்கடை அம்மாளுக்குத் தைலம் ஒன்றை இலவசமாகக் கொடுத்து, சீட்டில் இருந்தது மருந்தே அல்ல, மாப்பிள்ளையின் பெயர் என்று உண்மையையும் சொல்லி அனுப்பிவைத்தார்.

"அப்ப எதிர்க்கடைக்காரன் நாளைக்கு எதைத் தருவான்?" என்று கேட்டபடி அம்மாள் படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை, பதிவு அலுவலகத்தின் வராந்தாவில் மகள் அருகில் வந்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

அவர் அவசரமாகக் கையை உயர்த்தினார். "இப்ப பேசாதம்மா. வாய்க்குள்ள பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன், சிந்திடும்."

"இல்லப்பா, முக்கியமான..."

"எல்லாம் அப்புறம்."

உள்ளே பச்சை மேசை. அதற்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு ஓர் எழுத்தர் அம்மாள். மாப்பிள்ளையின் பெற்றோர் ஒருபுறம், சகலையும் கொழுந்தியாளும் மறுபுறம். சகலை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டிருந்தார்.

"பெண் வீட்டு சாட்சி யாரு? மணமகன் முழுப் பேரையும் சத்தமாச் சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் முன்னால் வந்தார். முதற்பெயரைச் சொன்னார், அது இரண்டே எழுத்து, அதில் தகராறு இல்லை. பிறகு, மனத்துக்குள் இருந்த தட்டிலிருந்து பழுப்புப் புட்டியைக் கவனமாக எடுத்தார்.

"ஷ்ச்செப்ஜெஷின்ஸ்கி."

மாப்பிள்ளையின் தாயார் கைக்குட்டையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். சகலை பேனாவை மூடிப் பையில் செருகினார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றார். மகள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனந்தம் தாளவில்லை போலும் என்று எண்ணிய மருந்துக்கடைக்காரர், வெற்றிப் பெருமிதத்தோடு கையெழுத்திடப் பேனாவைக் கேட்டுக் கைநீட்டினார்.

எழுத்தர் அம்மாள் பேனாவைத் தரவில்லை. காகிதத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"அழகாச் சொன்னீங்க சார், ஆனா உங்க வாயில நுழையலைன்னு மாப்பிள்ளை நேத்தே எழுதிக் குடுத்து, உங்க பேரையே தன் குடும்பப் பேரா மாத்திக்கிட்டாரு, காலையிலேர்ந்து வெளிய நின்னு அதைத்தான் சொல்லிப் பாத்துட்டிருக்காரு, இன்னும் வாயில நுழையல."