பிரியாணி மேசைமேல் காவடி

என் தங்கை கௌரியின் ரிசப்ஷனில், இலையில் சூடாகப் பிரியாணி விழுந்த பிறகு, அத்தனை பேரையும் இலையைத் தொடாமல் கைகூப்பி உட்கார வைத்தது ஜோடனை அண்ணன்தான். வேறு யாரும் இல்லை. இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்கே ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும். திருத்தணியில் மலையடிவாரத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஆட்டோ ஓட்டுகிறார். ஆடிக் கிருத்திகை நெருங்கினால் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுக் காவடி கட்ட உட்கார்ந்துவிடுவார். இதுவரை சரி. ஊரில் பலரும் செய்வதுதான். ஆனால் ஆடி முடிந்தாலும் இவர் கை நிற்காது. உலகத்தில் அசையாமல் நிற்கிற எந்தப் பொருளையும் இந்த மனுஷன் அலங்காரம் பண்ணாமல் விட்டதில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் போலீஸ் ஒரு இரும்புத் தடுப்பை வைத்தது. சவாரி கிடைக்காத ஒரு மத்தியானம் இவர் அதில் கலர் காகிதமும் செவ்வந்தியும் சுற்றிவிட்டார். சாயங்காலம் ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து கற்பூரம் ஏற்றினார். பின்னால் வந்தவர்கள் தேங்காய் உடைத்தார்கள். தடுப்பை எடுக்க வந்த போலீஸ்காரர் அதைத் தொடப் பயந்து, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோதாவது சும்மா இருந்தாரா? மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைக் கிழித்து, குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிற கம்பிக்குக் குஞ்சம் கட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் காலையில் கண் விழித்ததும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நர்ஸம்மா கத்தினார்.

"இன்னாங்க இது? ஆஸ்பத்திரியா, கோயிலா?"

"ரெண்டுத்துக்கும் பயந்துகினுதானம்மா வர்றாங்க."

இப்படிப்பட்ட ஆளிடம் போய் ரிசப்ஷன் அலங்காரத்தை ஏன் கொடுத்தோம்? எல்லாம் மாப்பிள்ளையின் அத்தையால் வந்தது. அரக்கோணத்து ரயில்வே குடும்பம். நிச்சயத்துக்கு வந்த இடத்தில், காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "எங்க பக்கம் மேசைக்கு மேசை கண்ணாடி ஜாடி, அதுல பூவு, அதுக்குள்ள லைட்டு. உங்க ஊர்ல தண்ணி பாட்டில் மட்டும்தான் வெப்பீங்க, இல்ல?"

கௌரி சிரித்தாள். அவர்கள் கிளம்பிப் போன பிறகு சாப்பிடவே இல்லை. நகையைப் பற்றியோ புடவையைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மேசை நடுவில் அந்த அத்தையின் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பொருள் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். அந்த அம்மாள் இருக்கிற வீட்டில் காலம் பூராவும் இருக்கப் போகிறவள் அவள்தானே?

சென்னை அலங்காரக்காரர் ஒருவரைக் கேட்டோம். அவர் சொன்ன விலைக்கு இன்னொரு கல்யாணமே பண்ணலாம். நாமே செய்துகொள்வோம் என்று வாசலில் நின்று பேசியபோது, எதிர்வீட்டில் சவாரி இறக்கிக்கொண்டிருந்த ஜோடனை காதில் விழுந்துவிட்டது.

"நான் இருக்கறப்போ இன்னாத்துக்கும்மா கவலை?"

"அண்ணே, காவடி மாதிரி இருக்கக் கூடாது. முன்னாடியே சொல்லிட்டேன்."

"ஆங். அதுகூடவா எனக்குத் தெரியாது? கல்யாண மேட்டராச்சே."

ஓட்டல்களில் தூக்கிப்போடுகிற கொட்டாங்கச்சிகளை மூட்டையாகக் கொண்டுவந்தார். அதைத் தேய்த்து வழவழப்பாக்கி, மணல் நிரப்பினால் அடிப்பாகம் தயார். மேலே மூங்கில் பத்தை. அம்மாவின் கிழிந்த பட்டுப்புடவையிலிருந்து ஜரிகைக் கரை. உள்ளே குட்டி லைட்டு. செலவே இல்லை. எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் மூங்கிலை வளைத்தார்.

"அண்ணே, இது காவடி."

"பெருசா கீது. அதான் உனக்கு அப்படித் தெரியுது."

சின்னதாக்கினார். சின்னக் காவடி வந்தது. மயில் இறகை எடுக்கச் சொன்னேன். மயில் இறகு இல்லாத காவடி வந்தது.

"நீயே வளைச்சுப் பாரும்மா" என்று பத்தையை என் கையில் கொடுத்தார். வளைத்தேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். என் கைக்கும் வேறு வளைவு வரவில்லை.

ஒரு வாரம் வீடே உட்கார்ந்து கட்டியது. கட்டக்கட்டக் கண் பழகிவிட்டது. கடைசியில் எங்கள் எல்லோருக்கும் அது அழகான பூச்செண்டாகவே தெரிந்தது. நாங்கள் அசந்த நேரம் பார்த்து ஜோடனை மயில் இறகைத் திரும்பச் செருகிவிட்டார்.

ரிசப்ஷனில் முதல் பந்தி உட்கார்ந்தது. பிரியாணி வந்தது. அரக்கோணத்துப் பெரியவர் ஒருவர் மேசைக்கு அடியில் மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். நான் பார்த்தேன். கால் வலி என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவரும் கழற்றினார். அடுத்த மேசையில் ஒரு அம்மாள் கைகூப்பினார். ஒரு கை கூட இலைக்குப் போகவில்லை. "எனக்குத் தயிர் சாதம் மட்டும் போதும்ப்பா" என்று யாரோ சொல்ல, எல்லா மேசையிலிருந்தும் அதே குரல்.

அத்தை எழுந்து நின்றார். "இன்னாம்மா இது? முருகனை எதிர்ல வெச்சிட்டு இலையில கறி போடறீங்க?"

மேடையில் கௌரியின் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. நான் ஜோடனையைத் தேடிப் போய்ப் பிடித்தேன். அவர் தூண் ஓரமாகப் பூரித்துப் போய் நின்றிருந்தார்.

"பாத்தியாம்மா? இது இன்னான்னு ஒருத்தன் கேக்கலை!"

"யோவ் அண்ணே, பந்தியே நாசமாப் போவுது. மொதல்ல எல்லாத்தையும் மேசையை விட்டு எடு."

அவர் முகம் மாறியது. "எப்படிம்மா எடுக்கறது? ஜனங்க கும்பிட்டுட்டாங்க. இனிமே இது காவடிதான். ஆடாம எறக்கக் கூடாது."

சொன்னவர் அருகில் இருந்த மேசைக்குப் போனார். செருப்பை உதறினார். கொட்டாங்கச்சிக் காவடியைத் தூக்கித் தோளில் வைத்தார். கச்சேரி மேடையில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரர் பக்கத்து மணவூர்க்காரர், காவடிக்கு அடித்தே வளர்ந்தவர். ஜோடனை ஒரு சுற்றுச் சுற்றியதுமே அவர் கை தானாகக் காவடி அடிக்கு மாறிவிட்டது. பாடகர் மட்டும் கொஞ்ச நேரம் காதல் பாட்டைத் தனியாகப் பாடிப் பார்த்துவிட்டு மைக்கை வைத்துவிட்டார்.

அடுத்து யார் தூக்கினார் தெரியுமா? அத்தைதான். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் மேசைக் காவடியை எடுத்துத் தோளில் வைத்து, "அரோகரா!" என்று ஒரு சத்தம் போட்டார். வருஷா வருஷம் மலையேறுகிற கால் அது. சும்மா நிற்குமா? அப்புறம் மேசைக்கு ஒருவர் கிளம்பினார்கள். மாப்பிள்ளை மாலையோடு இறங்கி வந்தார். கௌரி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் பின்னால் ஓடினாள். மண்டபத்தைச் சுற்றி ஆடி, வாசல் பிள்ளையார் முன்னால் எல்லாவற்றையும் வரிசையாக இறக்கி வைத்தார்கள்.

திரும்பி வந்தவர்களுக்கு அப்படி ஒரு பசி. மேசை காலி. புது இலை போட்டோம். அண்டாவில் அடிப்பிடித்ததைக் கூடச் சுரண்டித்தான் போட வேண்டியிருந்தது. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அத்தை மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"நம்ம பக்கமும் வெச்சாங்களே, கண்ணாடி ஜாடி. எவனாவது எழுந்து ஆடினானா?"

கௌரி இப்போது அந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள். அத்தை அவளைத்தான் முதலில் சாப்பிடச் சொல்கிறாராம்.

ஜோடனை அண்ணே, அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள். நீங்கள் சாப்பிடவில்லை. காவடி எடுத்த தோள், கறி தொட மாட்டேன் என்று, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனீர்கள். வீட்டுக்கு வாருங்கள் என்று எத்தனை முறை கூப்பிட்டாகிவிட்டது? "சவாரி இருக்குதும்மா" என்றே சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் ஊரறிய அச்சில் கேட்கிறேன். என்றைக்கு வருகிறீர்கள்? என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். இதே பத்திரிகைக்கு எழுதுங்கள், எல்லோரும் படிக்கட்டும். சாம்பார் வைத்து, வடை சுட்டு, இலை போட்டு வைக்கிறேன். என் வீட்டில் அலங்காரம் பண்ணாத மேசை ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது.