தேடல் சாரும் ஒரு விட்டுப்போன வார்த்தையும்

‘காணோம்’ என்ற வார்த்தையை விருத்தாசலத்தில் யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்லலாம், எங்கள் தேடல் சார் முன்னால் மட்டும் சொல்லிவிடக் கூடாது. இரண்டாயிரங்களில் நாங்கள் இருவரும் ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர்கள். சாக்பீஸைக் காணோமே என்று நான் முனகினால் போதும், பக்கத்து நாற்காலி பேசும்.

“எங்க தேடுனீங்க மேடம்?”

“மேசை மேலதான் சார்.”

“டிராயருல?”

“பாக்கல.”

“அப்ப காணோம்னு சொல்லாதீங்க. மேசை மேல காணோம்னு சொல்லுங்க.”

தேடல் சார் என்று பெயர் வைத்தவர்கள் மாணவர்கள். அவர் மனைவியோ, “வூட்டுல சீரகம் இல்லன்னு சொல்லக்கூட பயமா இருக்குதுக்கா, எந்தெந்த டப்பாவுல பாத்தேன்னு கேக்குறாரு” என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

சாரின் தம்பிக்குப் பெண் பார்க்க ஸ்ரீமுஷ்ணம் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். பெண்ணின் அப்பா பேச்சுவாக்கில், “நெறைய எடம் பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டார். பாவம், விவரம் தெரியாத மனுஷர். சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தையிலேருந்து தேடுறோங்க. ரெண்டு தரகருங்க, அப்புறம் கருவேப்பிலங்குறிச்சி சொந்தக்காரங்க மூலமா. ஒரே பொண்ணு ஜாதகம் ரெண்டு தரகர் கிட்டேருந்தும் வந்துச்சி, அத ஒண்ணா சேத்துக்கிட்டோம். பொருத்தம் இல்லன்னு பாதிய கழிச்சோம். படிப்பு ஒத்துவரலன்னு கொஞ்சம் கழிச்சோம்…”

பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப கழிச்சது போக மிச்சந்தான் எம்பொண்ணாங்க?”

“ஐயோ, மிச்சம் இல்லீங்க! அத்தனையிலயும் தேறி வந்த பொண்ணு!” என்று நான் குறுக்கே பாய்ந்திருக்காவிட்டால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்போம். நல்லவேளை, கல்யாணம் நிச்சயமாயிற்று.

இப்படிப்பட்டவரைத்தான் என் ஆராய்ச்சிக்குக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். என் முனைவர் பட்டப் பதிவின் கெடு முடியும் தறுவாயில் இருந்தது. அதற்குள் ஓர் ஆய்விதழ் என் கட்டுரையை ஏற்காவிட்டால் இத்தனை வருடப் பாடும் அம்போ. செராமிக் வேலையில் பறக்கும் தூசு தொழிலாளிகளின் நுரையீரலை என்ன செய்கிறது என்று உலகில் வந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் திரட்டிச் சொல்ல வேண்டும். எங்கே, எப்போது, எந்த வார்த்தை போட்டுத் தேடினோம், எத்தனை வந்தன, எதை ஏன் கழித்தோம் என்பதையும் எழுத வேண்டும். இன்னொருவர் அதே வழியில் தேடினால் அதே ஆய்வுகள் கிடைக்க வேண்டும். இதற்கென்றே பிறந்த ஆள் சார்! ஜங்ஷன் ரோடு பிரவுசிங் சென்டரில் கரண்ட் போனதைக்கூட விடவில்லை. ‘மின்தடையால் தேடல் பாதியில் நின்றது, மறுநாள் முதலிலிருந்து தேடப்பட்டது’ என்று எழுதி வைத்தார்.

கட்டுரை தயார். அனுப்ப நினைத்திருந்த நாளில் சார் வெளிறிப்போய் வந்தார்.

“மோசம் போயிட்டோம் மேடம். வெளிநாட்டுல இதே வேலைய பாட்டரின்னு, அதாவது மண்பாண்டத் தொழிலுன்னும் எழுதுறாங்க. நாம செராமிக்னு மட்டுந்தான் போட்டுத் தேடுனோம்.”

எங்கள் ஊரில் கப்பு, ஜாடி, கழிப்பறைப் பீங்கான், எல்லாமே செராமிக்தான். “செராமிக்குல வேலை செய்யிறாரு” என்று சொல்லியே வளர்ந்த எங்களுக்கு, அதற்கு இன்னொரு பெயர் இருக்கும் என்று புத்திக்கு எட்டவே இல்லை.

என் ஆய்வு நெறியாளரிடம் போனில் அழுதேன். “அந்த வார்த்தையையும் சேத்து எழுதிடும்மா. யாரு வந்து பாக்கப் போறாங்க?” என்றார் அவர். எனக்கும் அதுதான் வழி என்று பட்டது.

சார் மசியவில்லை. “தேடாதத தேடுனோம்னு எழுத மாட்டேன் மேடம். ரெண்டு நாள் பொறுங்க.”

“சார், நாளைக்கி உங்க தம்பிக்குக் கல்யாணம்!”

“தாலி கட்டுறப்ப இருப்பேன்.”

இருந்தார். அட்சதை போட்ட கையோடு ஆள் மாயம். குடும்பப் படம் எடுக்கப் போட்டோக்காரர் காத்திருக்க, “அண்ணனைக் காணோம்” என்று மண்டபமே கத்தியது. சாரின் மனைவி என்னைத்தான் முறைத்தார். பந்தியை விட்டு எழுந்து ஓடினேன்.

பிரவுசிங் சென்டரில் பட்டு வேட்டியும் நெற்றிச் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தார். “வந்துடுச்சி மேடம்! நம்ம கண்ணுல படாத ஆய்வுங்க!” பழைய தொழிலாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து செய்த ஆய்வுகள் அவை. தூசினால் பெரிய பாதிப்பு தெரியவில்லை என்று நாங்கள் எழுதியிருந்த முடிவே தலைகீழானது. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் போவது அந்த வேலைக்குத்தானே!

ஒரு வார்த்தையை முதலில் விட்டதையும், திரும்பத் தேடியதையும் ஒளிக்காமல் எழுதி அனுப்பினோம். பதிவு முடிவதற்குள் பதிலும் வந்தது. ஆய்விதழின் மதிப்பீட்டாளர் நாங்கள் கொடுத்த வார்த்தைகளையே போட்டுத் தேடிப் பார்த்தாராம். நாங்கள் சொன்னவை அத்தனையும் வந்தனவாம். கட்டுரை ஏற்கப்பட்டது. ஆசிரியர் அறையில் அந்தப் பதிலைப் படித்துக் காட்டினேன்.

“இன்னொரு வாட்டி படிங்க மேடம்” என்றார் சார். தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

பட்டம் என் பெயரில்தான் இருக்கிறது, சார். வாங்கிக் கொடுத்தது நீங்கள். நல்லா இருங்க.